யுவான்-டியா, ஆவி நாகமா?

கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துவோர் பாம்பு வகை எதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்விரண்டுக்கும் இடையில் தடுமாறுவதுண்டு. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து ஒப்பிடுகிறேன்.

சவால் அளவு (எண் கூடக்கூட எதிரி கடினம்):
யுவான்-டி: அதன் வகைகளில் மனித உருவை ஒத்த பியூர்பிளட் 1, மாலிசன் 3, அபாமினேஷன் 7.
ஆவி நாகம்: 8.

நடத்தும் எளிமை:
யுவான்-டி: ஒவ்வொன்றுக்கும் மந்திரங்கள் சிலவே.
ஆவி நாகம்: ஐந்தாம் நிலை வரையிலான விஸார்ட் (மந்திரவாதி) மந்திரங்களைக் கையாள்வதால், நடத்துபவர் அவற்றை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும்.

நீடிப்பு:
யுவான்-டி: இறந்தால் இறந்ததுதான்.
ஆவி நாகம்: கொல்லப்பட்டாலும் 1 முதல் 6 நாட்களில் முழு வலுவுடன் மீண்டெழும், அதைத் தடுக்க விரும்பியதை நிறைவேற்றும் விஷ் மந்திரத்தால் மட்டுமே முடியும். கதைக்கு இது பெரும் வரம் என்பேன், ஏனெனில் வென்றதாக எண்ணிய வீரர்கள் அதே பகையை மறுபடியும் சந்திக்க நேரும். ஆயினும் அதன் உயிர்ப்புள்ளிகள் (தாங்கக்கூடிய சேதத்தின் அளவு) சராசரியாக 75தான் என்பதால், தனியே விட்டால் விரைவில் வீழ்ந்துவிடும். துணைக்குச் சில காவலர்களை நிறுத்துங்கள்.

நகருக்குள் ஊடுருவும் சதியைத் தொடக்க நிலை வீரர்களுக்கு அமைப்பவர் யுவான்-டியைக் கொள்ளலாம். பாழடைந்த கோயிலில் நெடுநாள் பகைவன் ஒருவன் வேண்டும் என்பவருக்கு ஆவி நாகமே பொருந்தும்.