குரல் வருவதற்கு முன்: அண்மைக் கால ஆல்டர்நேட்டிவ், எலெக்ட்ரானிக் ஆல்பங்கள்

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 30 விநாடிகள் ஓடினால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். இந்த ஒரு விதி, பாடல்களின் உருவத்தையே மாற்றிவிட்டது என்பது என் எண்ணம். முன்னிசை சுருங்கிவிட்டது, முதல் சில விநாடிகளுக்குள்ளேயே குரல் வந்துவிடுகிறது, கேட்பவர் விரலை நகர்த்திவிடுவாரோ என்ற அச்சம் இசையின் கட்டமைப்பிலேயே தெரிகிறது. 2024, 2025 ஆண்டுகளில் வெளிவந்த ஆல்டர்நேட்டிவ், எலெக்ட்ரானிக் ஆல்பங்களில் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தவை, இந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காதவை. ஆனால் நீளமாக இருப்பதாலேயே ஓர் ஆல்பம் உயர்ந்துவிடாது. கேட்பவரைக் காக்க வைக்கும் கலைஞர், அந்தக் காத்திருப்புக்குத் தகுந்த எதையேனும் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுகோலைக் கொண்டுதான் கீழே உள்ள ஆல்பங்களை மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது த க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. 2024 நவம்பர் 1 அன்று வெளியான இந்த ஆல்பம், 2008இல் வந்த '4:13 ட்ரீம்' ஆல்பத்துக்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறது. எட்டுப் பாடல்களையும் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் ஒருவரே எழுதியிருக்கிறார். 1985இன் 'த ஹெட் ஆன் த டோர்' ஆல்பத்துக்குப் பிறகு அவர் தனியாகவே எழுதி முடித்த முதல் ஆல்பம் இது. தொடக்கப் பாடலான 'அலோன்' ஏழு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. அதில் ஸ்மித் வாய் திறப்பதற்குள் மூன்று நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. அந்த மூன்று நிமிடங்களில் ஜேசன் கூப்பரின் ட்ரம்ஸ் ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து, அடுத்த அடிக்கு முன் நீண்ட கார்வை விடுகிறது. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார், வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்ட ஒலியுடன், ட்ரம்ஸுக்கும் சிந்தசைசரில் எழும் தந்தி ஒலிகளுக்கும் நடுவே தனக்கென ஒரு மெட்டைத் தேடிக்கொண்டு போகிறது. இனிக் குரல் வராது, இது கருவியிசைதான் என்று மனம் முடிவு செய்யும் கட்டத்தில் குரல் வருகிறது. வந்ததும் முதல் வரியே பாடல்களின் முடிவைப் பற்றித்தான் பேசுகிறது. ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டௌசனின் கவிதையொன்றிலிருந்து இப்பாடலுக்கான தூண்டுதலைப் பெற்றதாக ஸ்மித் சொல்லியிருக்கிறார். அறுபத்தைந்து வயதில் அவர் வெளியிட்ட ஆல்பத்தில் ஒலிக்கும் அந்தக் குரலில் நடுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை என்பதுதான் அந்த வரிகளை இன்னும் கடுமையாக்குகிறது.

கடைசிப் பாடலான 'எண்ட்சாங்' பத்து நிமிடங்களைத் தாண்டுகிறது. அதில் குரல் ஆறு நிமிடங்களுக்குப் பிறகே நுழைகிறது. முதல் பாடலில் மூன்று நிமிடம் பொறுத்திருக்கப் பழகியவருக்கு இந்த ஆறு நிமிடம் சுமையாகத் தெரிவதில்லை. ஆல்பத்தின் வரிசை எவ்வளவு யோசித்து அமைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நடுவில் வரும் 'ஐ கேன் நெவர் சே குட்பை' ஸ்மித்தின் அண்ணன் மறைவைப் பற்றியது. ஒரு குழந்தைகூட வாசித்துவிடக்கூடிய எளிய பியானோ வரியொன்று பாடல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. துயரத்தை விளக்க முயலாமல் அதே சில ஸ்வரங்களிடமே திரும்பிக்கொண்டிருக்கும் அந்தப் பிடிவாதம், என்னைப் பொறுத்தவரை, இந்த ஆண்டுகளில் ராக் இசை தொட்ட உச்சம்.

குறை ஒன்று உண்டு, அதுவும் சிறியதல்ல. ஆல்பத்தின் மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு, மிக நெருக்கமாக அழுத்தப்பட்டிருக்கிறது. மெல்லிய பகுதியும் உரத்த பகுதியும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்கின்றன. சிம்பலும் கிட்டாரும் சிந்தசைசரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஹெட்போனில் கேட்கும்போது காது களைத்துவிடுகிறது. இவ்வளவு பொறுமையாகக் கட்டப்பட்ட இசைக்கு மூச்சுவிட இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். இருந்தும் இந்த ஆல்பம் பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1992இன் 'விஷ்' ஆல்பத்துக்குப் பின் அக்குழுவுக்கு அந்த இடம் கிடைத்தது இப்போதுதான். கேட்பவர்களுக்குப் பொறுமை இல்லை என்று தொழில் துறையினர் சொல்லும்போதெல்லாம் இதை நினைவூட்டலாம்.

பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' 2024 மே 17 அன்று வந்தது. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் குரலாக 1994 முதல் அறியப்பட்டவர், தன் பெயரை மட்டும் தாங்கிய முதல் பாடல் தொகுப்பை வெளியிட இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பாடல்களும் ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்தில் உருவானவை. இங்கே காத்திருப்பு வேறு வகையானது. பாடல்கள் நான்கு, ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன, குரலும் தாமதிப்பதில்லை. கேட்பவர் எதிர்பார்க்கும் தாளம்தான் வருவதில்லை. போர்ட்டிஸ்ஹெட்டின் முதல் ஆல்பம் முழுவதும் கூர்மையான ஸ்னேர் ட்ரம் அடியும், பழைய பதிவுகளிலிருந்து எடுத்துச் சுழலவிடும் ட்ரம்ஸ் தாளமான பிரேக்பீட்டுமாகவே நின்றது. இந்த ஆல்பத்தில் அவ்விரண்டையும் அவர் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறார். டாக் டாக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ், வழக்கமான ட்ரம்ஸுக்குப் பதில் வீட்டில் கிடைக்கும் டப்பாக்களையும் பாத்திரங்களையும் தட்டித் தாளம் அமைத்திருக்கிறார். அதனால் ஒலி முழுக்க மரத்தன்மையோடும் மங்கலாகவும் இருக்கிறது. 'ரீவைண்ட்' பாடலில் அந்தத் தட்டல் ஒரு சடங்கின் வேகத்தை எட்டும்போதும், கூர்மையான அடி ஒன்றுகூட காதில் விழுவதில்லை.

தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்ட் தந்திக் கருவிகளையும் சிறுவர் குழுக்குரலையும் பயன்படுத்தியிருக்கும் விதம் பாராட்டுக்குரியது. 'ஃப்ளோட்டிங் ஆன் எ மோமென்ட்' பாடலில் இளங்குரல்கள் நுழையும் இடத்தை மட்டும் கவனியுங்கள். மரணத்தைப் பற்றி ஒரு நடுவயதுப் பெண் பாடிக்கொண்டிருக்கையில், அதே கருத்தைச் சிறுவர்கள் எந்தக் கனமும் இல்லாமல் எடுத்துப் பாடுகிறார்கள். பாரத்தைக் கூட்டுவதற்கு இதைவிட இலேசான வழி எனக்குத் தெரியாது. தாய்மை, மாதவிடாய் நிறுத்தம், நெருங்கியவர்களின் இறப்பு என்று ராக் இசை அதிகம் தொடாத பொருள்களை அவர் அலங்காரமின்றி எடுத்தாள்கிறார். ஆல்பத்தின் பிற்பகுதியில் ஓரிரு பாடல்கள் ஒரே நிறத்தில் தோய்ந்திருப்பதாகத் தோன்றலாம். ஆனால் நான் இந்தக் கட்டுரையில் பேசும் எல்லாவற்றிலும், ஒரு பாடலைக்கூட நீக்க மனம் வராத ஒரே ஆல்பம் இதுதான்.

எலெக்ட்ரானிக் பக்கம் வந்தால், நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்' முன்னிற்கிறது. 2024 செப்டம்பரில் வார்ப் நிறுவனம் வெளியிட்ட இதில் பத்துப் பகுதிகள், அனைத்துக்கும் 'கன்டினியம்' என்றே பெயர், எண் மட்டும் மாறுகிறது. மொத்தம் சுமார் 45 நிமிடம். சிந்தசைசரில் சுழலும் ஒரு ஆர்பெஜியோ, அதாவது ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வாசிக்கப்படும் வடிவம், ஆல்பம் முழுக்க வெவ்வேறு உருவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாக்ஸஃபோன், ஹார்ப், 21 தந்திக் கலைஞர்கள், பிளாக் மிடி குழுவில் இருந்த மார்கன் சிம்ப்ஸன் வாசிக்கும் ட்ரம்ஸ் என எல்லாமே அந்தச் சுழலுக்குள் வந்து கலந்து போகின்றன. ஜாஸா, ஆம்பியன்ட் எனும் சூழலிசையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். கருவிக்கும் எந்திரத்துக்கும் இடையே எல்லை எங்கே என்று தெரியாமல் போவதுதான் இங்கே நடக்கும் சாதனை. சிம்ப்ஸனின் ட்ரம்ஸ் ஓரிடத்தில் மெல்லத் தூவலாக இருக்கிறது, இன்னோரிடத்தில் பொங்குகிறது. கடைசிப் பகுதியில் எல்லாம் திரண்டு எழும்போது, அதுவரை அவர்கள் எவ்வளவு அடக்கி வாசித்தார்கள் என்பது புரிகிறது.

சாம் பார்க்கரை அறியாதவர்கள் டெக்னோ ரசிகர்களுக்கு வெளியே நிறையப் பேர் இருப்பார்கள். பெர்லினில் இயங்கும் இவர், 2018இல் வந்த 'டிபையஸிங்' வெளியீட்டிலும் 2019இன் 'யுட்டிலிட்டி' ஆல்பத்திலும் டெக்னோவின் முதுகெலும்பான கிக் ட்ரம்மையே எடுத்துவிட்டார். அந்த அடி இல்லாமலே உடல் அசைகிறது என்பதை நிரூபித்தார். கார்டுகளின் துடிப்பே அந்த வேலையைச் செய்தது. 2025இல் வந்த 'ஸ்டாகாஸ்டிக் ட்ரிஃப்ட்' அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. அடிகள் வருகின்றன, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒழுங்கில் வருகின்றன. அறிவால் செய்யப்பட்ட இசை என்று தோன்றினாலும், மெட்டுகளில் இருக்கும் கனிவு அதை வெறும் ஆய்வுக்கூடச் சோதனையாக விடாமல் காக்கிறது. இரவு நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்ட் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2021இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸுடனும் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவுடனும் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ப்ராமிஸஸ்', ஏழே ஸ்வரங்கள் கொண்ட ஓர் இசைத்தொடரை 46 நிமிடம் நீட்டி, இந்த நூற்றாண்டின் மிகப் பொறுமையான இசைகளில் ஒன்றாக நின்றது. 2024 செப்டம்பர் 13 அன்று வந்த 'கேஸ்கேட்' அதற்கு நேர்மாறாக நடனக் கூடத்துக்கே திரும்பிவிடுகிறது. 'கீ103', 'அஃப்லெக்ஸ் பேலஸ்' என்ற பாடல் பெயர்கள் அவர் வளர்ந்த மான்செஸ்டரின் வானொலியையும் கடைத் தொகுதியையும் நினைவூட்டுபவை. 'பர்த்4000' பாடலின் சிந்தசைசர் ஓட்டத்தில் எழுபதுகளின் டிஸ்கோவின் வேகம் இருக்கிறது. ஒலி துல்லியமாகவும் பளபளப்பாகவும் விழுகிறது. ஆனாலும் பெரும்பாலான பாடல்களில் உச்சம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்துவிட முடிகிறது. விதிவிலக்கு 'ஒகொட்டியோ': ஹார்ப் ஒலியோடு நிதானமாக விரிந்து, தாளத்தைத் தள்ளித் தள்ளி வைத்து, பிறகே ஓடத் தொடங்குகிறது. ஆல்பம் முழுவதும் இப்படி இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து வந்த ஜேமி எக்ஸ்எக்ஸின் 'இன் வேவ்ஸ்', 2015இன் 'இன் கலர்' ஆல்பத்துக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் எதிர்பார்க்கப்பட்டது. ராபின், தி அவலாஞ்சஸ், ஹனி டிஜான் என்று விருந்தினர் பட்டியல் நீளமானது. தி எக்ஸ்எக்ஸ் குழுவில் அவருடைய தோழர்களான ரோமியும் ஆலிவர் சிம்மும் பாடும் 'வெய்டட் ஆல் நைட்' பாடலில் பழைய நெருக்கம் மீண்டும் கிடைக்கிறது. எனினும் ஒவ்வொரு பாடலும் கேட்பவரை மகிழ்வித்துவிட வேண்டும் என்று துடிப்பதால், மகிழ்ச்சிக்கு முன் இருக்க வேண்டிய ஏக்கம் உருவாக நேரமே இல்லாமல் போகிறது. முந்தைய ஆல்பத்தின் சிறப்பு அந்த ஏக்கம்தான்.

காத்திருக்க வைக்காமலே வெல்பவர்களும் உண்டு. சோனிக் யூத் குழுவில் இருந்த கிம் கார்டன் எழுபது வயதில் வெளியிட்ட 'த கலெக்டிவ்', ஹிப்-ஹாப்பின் ஒரு வகையான ட்ராப்பின் தாளத்தின் மேல் கிழிந்த கிட்டார் இரைச்சலைக் கொட்டுகிறது. முதல் பாடலான 'பை பை'யில் பயணத்துக்கு எடுத்துவைக்கும் பொருள்களின் பட்டியலை அவர் உணர்ச்சியற்ற குரலில் வாசிக்கிறார், அதுவே அச்சமூட்டுகிறது. ஃபோன்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் 'ரொமான்ஸ்' ஆல்பத்தில் 'ஸ்டார்பர்ஸ்டர்' ஒன்றே போதும்: ரயில் நிலையத்தில் தனக்கு ஏற்பட்ட பீதித் தாக்குதலிலிருந்து அக்குழுவின் பாடகர் கிரியன் சாட்டன் எழுதிய இப்பாடலில், பல்லவிக்கிடையே அவர் திணறி இழுக்கும் மூச்சே ஒரு தாளக் கருவியாகிவிடுகிறது.

டேம் இம்பாலாவின் 'டெட்பீட்', 2025 அக்டோபரில் வந்தது, எனக்கு ஏமாற்றமே. நிறைவுப் பாடலான 'எண்ட் ஆஃப் சம்மர்' ஏழு நிமிடம் ஓடியும் முதல் நிமிடத்தில் இருந்த இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. டேம் இம்பாலா என்ற பெயரில் இசையமைக்கும் கெவின் பார்க்கர் முன்பு ஒரு ஸ்னேர் ஒலியைக்கூடச் செதுக்கி வைப்பவர்; இங்கே ஹவுஸ் எனும் நடன இசையின் தாளங்கள் அப்படியே எடுத்துப் போட்டதுபோல் இருக்கின்றன.

கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. பெத் கிப்பன்ஸிலிருந்து தொடங்குங்கள், ஒரே அமர்வில் முழுவதையும் கேளுங்கள். சினெஃப்ரோவின் ஆல்பத்தைக் கேட்கும்முன் செயலியில் ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் அமைப்பை அணைத்துவிட்டு, பாடல்களை இடைவெளியின்றி இசைக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். ஒரு பகுதி அடுத்ததற்குள் நகரும் இடங்களை எந்திரம் குலைத்துவிடக் கூடாது. த க்யூர் ஆல்பத்தை ஹெட்போனைத் தவிர்த்து ஸ்பீக்கரில், ஒலியைச் சற்றுக் குறைத்துக் கேட்டால் அழுத்தம் தணிகிறது. சாம் பார்க்கரும் 'ஒகொட்டியோ'வும் அதற்குப் பிறகு வரலாம். ஜேமி எக்ஸ்எக்ஸ் ஆல்பத்துக்கு மட்டும் வரிசை தேவையில்லை. எந்தப் பாடலில் தொடங்கினாலும் நடனத்துக்குக் குறைவிருக்காது.