வாள்மீன் தூண்டிலுக்கான ஆழ்கடல் விளக்கு: ஒளியில் குறையில்லை, மூடியில்தான் எல்லாம்

வாள்மீன் பகலில் 400 முதல் 600 மீட்டர் ஆழத்தில் திரியும். இருட்டியதும் கணவாய்க் கூட்டத்தைத் தொடர்ந்து மேலே ஏறும். பகலில் அதைப் பிடிக்கத் தூண்டிலுக்கு மேலே கட்டி இறக்கும் எல்இடி விளக்குகளில், இரண்டு ஏஏ பேட்டரியும் திருகுமூடியும் உள்ள வகையை இங்கே பார்க்கிறோம். சுவிட்ச் கிடையாது, கடல்நீர் பட்டால் தானே எரியும்.

ஒளி சிறியதுதான், ஆனால் போதும். வாள்மீனின் கண்ணை ஒட்டிய தசையொன்று வெப்பம் உண்டாக்கும் உறுப்பாகவே மாறியிருக்கிறது. கண்ணும் மூளையும் சுற்றியுள்ள நீரைவிட 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். குளிர்ந்த கண் அசைவை மெதுவாகத்தான் பிடிக்கும். சூடான கண்ணுக்கு விரைந்தோடும் கணவாய்கூடத் தப்பாது. இப்படிப்பட்ட கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேடிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நிறம் மட்டும் முக்கியம்: நீலம் அல்லது பச்சை வாங்குங்கள். சிவப்பொளியைக் கடல்நீர் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடும். விட்டுவிட்டு மின்னும் வகையில் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

இரைக்கு 3, 4 மீட்டர் மேலே தங்கூஸில், அதாவது தூண்டில் நரம்பில், விளக்கைக் கட்டுங்கள். வளர்ந்த வாள்மீனுக்குப் பல் இல்லை. வாளை வீசி இரையை அடித்துவிட்டுத்தான் விழுங்கும். விளக்கு பக்கத்தில் இருந்தால் அந்த வீச்சில் தங்கூஸ் சுற்றிக்கொள்ளும். உடன் வரும் கிளிப் நம்பத்தகுந்ததாக இல்லை. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த துருப்பிடிக்காத கிளிப் போட்டுவிடுவது நல்லது.

இனி மூடி. 500 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 50 கிலோ அழுத்தம் விழும். பயப்பட வேண்டியது அந்த அழுத்தத்தை அல்ல. ஆழம் கூடக்கூட, மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இன்னும் இறுகவே செய்யும். ஒரு மணல் துகளோ முடியோ ஒட்டியிருந்தாலும், ரிங் காய்ந்து வெடித்திருந்தாலும், இறக்கத் தொடங்கியதுமே நீர் புகும். ஒவ்வொரு முறையும் ரிங்கைக் கழற்றித் துடைத்து, அதன் பள்ளத்தையும் துடைத்து, பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். கூடுதலாகத் தடவினால் அதுவே மணலைப் பிடிக்கும். பெட்ரோலிய கிரீஸ் சில ரப்பர்களை உப்பவைக்கும், தொடாதீர்கள். மூடியைக் கையால் இறுக்கினால் போதும். இடுக்கி வேண்டாம், திருகுமறை பிளந்துவிடும்.

ஈரமான பெட்டியில் போட்டுவைத்தால் விளக்கு அங்கேயே எரிந்து பேட்டரி தீர்ந்துபோகும். சுவிட்ச் இல்லாத அமைப்பின் பெரிய குறை இதுதான். நல்ல நீரில் கழுவி, வெளியே தெரியும் இரு உலோக முனைகளையும் துடைத்துக் காயவைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். முனையில் பச்சை படிந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கலாம்.

நீர் புகுந்த விளக்கைத் திறக்கும்போது கவனம். உப்புநீரும் பேட்டரியும் சேர்ந்தால் வாயு உண்டாகி உள்ளே அடைபட்டிருக்கும். மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல், பக்கத்தில் யாரும் இல்லாத திசைக்குத் திருப்பிக்கொண்டு மெல்லத் திருகுங்கள்.