உப்புக்காற்றில் எது நிற்கிறது? ராமநாதபுரம் கடற்கரை வீட்டுத் தோட்டக் கைவேலைகள், சில வருட உபயோகத்துக்குப் பிறகு

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில், வீட்டில் நாமே செய்து வைக்கும் பொருட்களில் முதலில் போவது ஆணிதான். பலகை நன்றாக இருக்கும், தொட்டி நன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த திருகு மட்டும் தலை உதிர்ந்து போயிருக்கும். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை எதனால் இணைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். காற்று கொண்டுவந்து இரும்பில் படியவைக்கும் அந்த மெல்லிய உப்புப் படலம் வெயில் நேரத்தில்கூட முழுசாகக் காய்வதில்லை. இதனால் வரும் வினோதம் ஒன்று: மழை படாத இடத்தில்தான் துரு அதிகம். வெட்டவெளியில் நிற்கும் கம்பியை மழை கழுவிவிடுகிறது. தாழ்வாரத்துக்கு அடியில், ஜன்னல் ஷேடுக்குக் கீழே மாட்டிய கொக்கிகளில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். தொங்கும் தொட்டிக்குத் தாழ்வாரம்தான் பத்திரம் என்று நினைப்பவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கொக்கியைத் துடைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

எந்தப் பக்கக் கடல் என்பதையும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கும் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்துக்குத் தென்மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலம் கெடுதல். பாக் நீரிணைப் பக்கத்துத் தொண்டி, தேவிபட்டினத்துக்கு ஐப்பசிக்கு மேல் வரும் வாடைக்காற்று கெடுதல். பாம்பன் தீவுக்கு இரண்டும். ஒரே பொருள் கீழக்கரையில் ஒரு மாதிரியும் தொண்டியில் வேறு மாதிரியும் உழைப்பதற்கு இதுவே காரணம்.

கட்டா, ஆணியா?

கட்டுக்கம்பியை விட்டுவிடலாம். ஒரு பருவம் தாண்டுவதே பெரிது. ஜி.ஐ. கம்பி துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை தாங்கும். ஆனால் முறுக்கிய இடத்தில் பூச்சு விரிசல் கண்டு, துரு அங்கிருந்தே ஏறும். பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி பார்வைக்கு அழகு. வெட்டிய முனை வழியாக உப்பு உள்ளே போய், உறைக்குள்ளேயே கம்பி பொடியாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கனமான தொட்டியை இதில் தொங்கவிடுவது ஆபத்து. வெள்ளை நிற கேபிள் டை வெயிலில் நொறுங்கும். கறுப்பு நிறம் கொஞ்சம் மேல்.

திருகு தவிர்க்க முடியாத இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 304 ரகத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு படியும், சின்னச் சின்னக் குழி விழும், ஆனாலும் பிடிப்பு விடாது. 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. போல்ட் தலையில் பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. விசைப்படகுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் திருகை நேரடியாகப் போட்டால் திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ஒரு நைலான் வாஷர் போட்டால் அது வெகுவாகக் குறையும்.

இவை எல்லாவற்றையும்விட இந்தக் கரையில் அதிக நாள் நிற்பது கயிற்றுக் கட்டு. பந்தல், வேலி, செடிக்கு முட்டு எதுவானாலும் இரண்டு கம்பு சந்திக்கும் இடத்தில் கட்டே போதும். வலை பின்னும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கயிறு, இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் பருமன். முதலில் நிற்கும் கம்பில் இரட்டைச் சுருக்கு. பிறகு இரண்டு கம்பையும் சேர்த்துக் குறுக்கு மறுக்காக மூன்று சுற்று. பிறகுதான் முக்கியம்: இரண்டு கம்புக்கும் நடுவே, முதல் சுற்றுகளை நெரிக்கிற மாதிரி இரண்டு சுற்று இறுக்க வேண்டும். இந்த நடுச்சுற்று இல்லாத கட்டு கச்சான் தொடங்கியதும் ஆடும், ஆடினால் அறுக்கும். எச்.டி.பி.இ. வழவழப்பு என்பதால் முடிச்சு நழுவும். மூன்று முடிச்சுப் போட்டு, இரண்டு அங்குல வால் விட்டு, முனையை நெருப்பில் காட்டி உருட்டிவிட வேண்டும். நைலான் கயிறு முடிச்சுக்குச் சுலபம், ஆனால் நனைந்தால் நீளும், கட்டு தளரும்.

பனைநார் பிடிப்பவர்களுக்கு அதுவும் நல்லதே. ராத்திரி முழுக்க ஊறவைத்து ஈரத்தோடு கட்டினால், காயும்போது தானே இறுகும். இரண்டு வருடத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தென்னங்கயிறு மண்ணில் படாத இடத்துக்கு மட்டும்.

மட்டை வேலி

சாயல்குடிப் பக்கம் பனைமட்டை கிடைப்பது சுலபம் என்பதால் இந்த வேலி இங்கே செலவு குறைவு. உழைப்பும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நெருக்கி அடைத்த வேலி சீக்கிரம் சாய்கிறது. அடைப்பு முழுசாக இருந்தால் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழுந்து, உள்ளே இருக்கும் செடியைத்தான் அடிக்கும். மட்டைக்கு மட்டை இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று வடிந்து உள்ளே வரும், வேலிக்கும் சுமை குறையும்.

ஐந்தடி உயர வேலிக்கு ஆறடிக்கு ஒரு ஊன்றுகால், இரண்டடி ஆழம், மட்டையைக் கட்ட மூன்று வரி வரிச்சு, அதாவது குறுக்குக் கம்பு. மட்டையின் அடி மணலைத் தொடக் கூடாது. கல் வரிசை ஒன்று போட்டு இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். கரையான் ஏறினால் கல்லின் மேல் மண்கோடு கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். மணலில் நேரே ஊன்றிய மட்டையில் கரையான் இருப்பது வேலி விழுந்த பிறகுதான் தெரியும். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கம் கரையானைத் தடுக்கலாம், ஆனால் மணல் மண்ணில் அது கிணறுவரை இறங்கும். வேண்டாம்.

ஊன்றுகாலுக்குச் சவுக்கு என்றால் தரைமட்டத்தில் இற்றுப்போகும். வைரம் பாய்ந்த பனை நன்று. ஆனால் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது நினைவிருக்கட்டும். பழைய ஓட்டு வீடு பிரிக்கும்போது கிடைக்கும் கைமரம் வாங்குவதே உத்தமம். மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலும் ஊன்றுகாலுக்கு ஏற்றதுதான், நடுவே கருஞ்சிவப்பு வைரம் உள்ள முற்றிய கம்பாகப் பார்த்து எடுத்தால். வெட்டியவுடன் பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டையோடு போட்டால் வண்டு துளைத்து, வெளிமரம் மாவாகக் கொட்டும்.

கழித்த வலையில் பந்தல்

பாகல், புடலை, அவரை ஏற இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் வலையில் ரகம் பார்க்க வேண்டும். ஒற்றை நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழையில் ஓணானும் அணிலும் சாரைப்பாம்பும் மாட்டிச் சாகும். வெயிலில் சீக்கிரம் நைந்து துண்டு துண்டாக மண்ணில் கலந்தும் போகும். தடித்த எச்.டி.பி.இ. நூலில் பின்னிய, விசைப்படகு இழுக்கும் மடி வலைதான் சரி. நான்கு விரல் நுழையும் கண் இருந்தால் காய் பறிக்க வசதி. சின்னக் கண்ணில் புடலை பாதி மேலேயும் பாதி கீழேயுமாக மாட்டி வளைந்துவிடும்.

வலையைக் கட்டுமுன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலச வேண்டும். உப்போடு கட்டினால் முதல் மழையில் உப்பு முழுக்கச் செடிமேல் இறங்கி, தளிர் கருகும். ஓரம் முழுக்க ஒரு கயிற்றைக் கண்களில் கோத்து, அந்தக் கயிற்றைக் கம்பில் கட்டுங்கள். வலைக் கண்ணை நேரே கம்பில் கட்டினால் அந்த ஒரு கண் அறுந்து, அங்கிருந்து வரிசையாகக் கிழியும்.

தெர்மாகோல் மீன்பெட்டி

கீரைக்கு இது நல்ல தொட்டி. வேர்ச்சூட்டைத் தடுக்கிறது, தண்ணீர் மிச்சமாகிறது. தண்டுக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லிக்குப் பெரிய பெட்டியின் ஆழமே போதும். முண்டு மிளகாயும் பெட்டிக்கு ஒரு செடி என்றால் வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் மிளகாய்தான். மானாவாரிக் கரிசலில் வருகிற காய்ப்பைப் பெட்டியில் எதிர்பார்க்கக் கூடாது.

துளை அடியில் போடாமல், பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நான்கு போடுங்கள். கீழே கொஞ்சம் நீர் தங்கும், வெயில் நாளில் செடி துவளாது. ஐப்பசி மழையில் துளை அடைத்துக்கொண்டால் பெட்டி குளமாகிவிடும்; துளைக்கு உள்ளே தேங்காய் நார் ஒரு பிடி வைத்தால் போதும். மண்கலவை கண்மாய் வண்டல், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு சம அளவு. நார்க் கழிவிலேயே உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்துப் பிழிந்து கொட்டுவதை இரண்டு முறையாவது செய்யாமல் விதைத்தால் முளை மஞ்சளாகும்.

பெட்டியின் எதிரி வெயில். மேற்பரப்பு மஞ்சளாகி, தேய்த்தால் பொடியாக வரும். அந்தப் பொடி கச்சானில் பறந்து கடலுக்குத்தான் போகும். ஆகவே பூச்சு இல்லாமல் வைப்பது சரியில்லை. கம்பி பிரஷால் மேற்பரப்பைச் சுரண்டி, பழைய மடி வலைத் துண்டைச் சுற்றிக் கட்டி, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சலித்த மணல் என்று குழைத்து இரண்டு முறை பூசுங்கள். வழவழப்பான பெட்டியில் நேரே பூசினால் சிமெண்ட் பத்தை பத்தையாகப் பெயரும். தின்னர் கலந்த எனாமல் பெயிண்ட் அடித்தால் பெட்டியே உருகிக் குழியாகும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் மட்டும்.

துண்டுத்துணியைச் சிமெண்டில் நனைத்துக் கவிழ்த்துச் செய்யும் தொட்டி பற்றி ஒரு வார்த்தை. வெறும் சிமெண்ட் பாலில் நனைத்தவை நூல் விரிசலாக வெடிக்கின்றன. மணல் சேர்த்து, ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தவை நிற்கின்றன. மணல் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. பூத்துப் பூத்து உப்பு வரும். வலுவுக்குக் கோழிவலைக் கம்பி வைக்கும் யோசனை இங்கே செல்லாது. கம்பி துருப்பிடித்து வீங்கும்போது சிமெண்டைத் தள்ளி உடைக்கும். அந்த இடத்திலும் மடி வலைத் துண்டுதான்.

பானைப் பாசனம்

செடிக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து, அதில் ஊற்றிய நீர் கசிந்து வேருக்குப் போகவிடும் முறை இது. இதற்கு வரும் பாராட்டு எல்லாம் நியாயம்தான், நல்ல தண்ணீர் உள்ள ஊரில். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் பானையின் நுண்துளை சுண்ணாம்பும் உப்பும் அடைத்து, கசிவு குறைந்துகொண்டே போகும். பானைக் கழுத்தில் வெள்ளை வளையம் தடித்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். தோண்டி எடுத்து, காயவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, புளி கரைத்த தண்ணீரிலோ வினிகர் கலந்த தண்ணீரிலோ ஒரு ராத்திரி ஊறவைத்தால் ஓரளவு திறக்கும். வருடம் ஒருமுறை மாசிப் பங்குனியில் இதைச் செய்துவிட்டால் கோடைக்குத் தயார்.

வாங்கும்போதே சோதிக்கலாம். தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வெளிப்புறம் ஈரம் காட்ட வேண்டும். காட்டாதது குடிநீருக்கும் ஆகாது, தோட்டத்துக்கும் ஆகாது. ஐந்தாறு லிட்டர் பானை, கழுத்து மட்டும் வெளியே, வாயில் மூடி, இல்லாவிட்டால் கொசு. வெறும் மணலில் புதைத்தால் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். பானையைப் போல இரண்டு மடங்கு அகலக் குழி எடுத்து, வண்டல் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்து சுற்றிலும் மெத்தினால்தான் ஒரு சாண் தூரத்துச் செடிக்கு எட்டும். தங்கச்சிமடத்திலிருந்து வாங்கி வந்த மல்லிகை நாற்று வேர்பிடிக்கும்வரை இந்த முறை மிக நன்று.

ஆர்.ஓ. கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் யோசனை ஊர் ஊராகப் பரவுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1500 என்று வைத்து, பாதி நல்ல நீராக வந்தால், மீதியில் உப்பு கிட்டத்தட்ட 3000. மிளகாய், மல்லிகை இலையோரம் கருகுவது இதனால்தான். பாத்திரம் கழுவும் முதல் அலசலுக்கும் தரை துடைக்கவும் அது போதும். ஏசி வடியும் நீர் அப்படியல்ல. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் உப்பே கிடையாது. பானைக்கு ஊற்ற அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் கிடைக்காது.

செடியடி மண்ணை மூடும் மூடாக்குக்குக் கரையொதுங்கும் கட்டக்கோரை என்ற கடற்பாசி நல்லது. ஒதுங்கிய உடனே போடக் கூடாது. ஐப்பசியில் குவித்துவைத்து அந்த மழை முழுக்க நனையவிட்டு, தை மாதம் எடுத்துப் பரப்பினால் உப்பு போயிருக்கும், மணலும் உதறிவிடும். கடலுக்குள் இறங்கிப் பறிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாத்தி ஓரத்துக்கு அழகாக இருக்கிறது என்று பவளப்பாறைத் துண்டை வைப்பதும் இதே கணக்குதான். பவளம் வனவுயிர் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். செத்து வெளுத்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. ஓரத்துக்குக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வரிசையாகப் புதைத்தாலே போதும்; உப்பு அதை ஒன்றும் செய்யாது. சிரட்டைக்குள் மழைநீர் தங்காமல் வாய் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோலார் தோட்ட விளக்குகள் இந்தக் கரைக்கு வீண்செலவு. பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, விளக்கு அணையும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் பேட்டரி முனையில் வாஸ்லின் தடவி, மூடியின் ஓரத்தைச் சிலிக்கான் பசையால் அடைத்த பிறகு வெளியே வையுங்கள்.