மயாமியிலிருந்து ஏழு இரவுகள்: ஒரு கரீபியன் கப்பற்பயணம்

வெள்ளவத்தையிலுள்ள முகவர் நிலையமொன்றின் ஊடாக, பாடசாலைக் காலத்து நண்பர்கள் ஆறு பேர் மயாமியிலிருந்து 7 இரவுக் கரீபியன் கப்பற்பயணம் சென்று வந்தோம். கப்பல் மீண்டும் மயாமிக்கே திரும்புவதால், பல தடவை நுழையக்கூடிய அமெரிக்க விசா அவசியம் என்பதை முகவர் முன்கூட்டியே விளக்கியது பாராட்டுக்குரியது. ஆனால், ஆளொருவருக்கு நாள்தோறும் சேரும் சேவைக் கட்டணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. இறுதி இரவில் கணக்குப் பட்டியலைக் கண்டுதான் விழித்தோம்.

வழியில் நின்ற கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல்கள் அணையும் துறை இல்லாததால், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டோம். வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் வீணானது உண்மைதான், எனினும் அடிமணல் தெளிவாகத் தெரியும் அந்த நீரில் இறங்கியதும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. உணவு தாராளம், உறைப்புத்தான் போதாது. நாங்கள் கொண்டுபோன கட்டைச் சம்பல் போத்தல் மூன்றாம் நாளே காலியாகிவிட்டது.