வெப்சைட் செஞ்சு தர்றேன்னு 38,500 ரூபாய் வாங்கிட்டு எங்க கடைப் பேரையும் பிடிச்சு வச்சுக்கிட்டான்

கை இன்னும் நடுங்குது. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. இன்னிக்குக் காலையில நடந்ததை இப்பவே எழுதலைன்னா எனக்கு ஆறாது.

மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்துல எங்களுக்குச் சின்னதா ஒரு சுங்குடிச் சேலைக் கடை. தாத்தா ஆரம்பிச்சது. இப்ப நானும் அம்மாவும்தான் பாத்துக்கிறோம். இன்னமும் கையால முடிச்சுப் போடுற நாலு வீட்டுல இருந்து சேலை வாங்கி விக்கிறோம். வெளியூர்க்காரங்க வாட்ஸப்புல படம் கேட்டு வாங்குறாங்க, ஒரு வெப்சைட் இருந்தா நல்லதுன்னு தை மாசம் தோணுச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி வந்துட்டா, வெயிலுக்குக் காட்டன் சேலை நல்லாப் போகும். அதுக்குத்தான் ஆசைப்பட்டேன்.

தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தன் வந்தான். பைபாஸ் ரோட்டுப் பக்கம் மாடியில ரூம் எடுத்து வெப்சைட், டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு போர்டு வச்சிருக்கான். அவன் பேரை இங்க போடல. போட்டா கேஸ் போடுவேன்னு சொல்லியிருக்கான்.

வந்த அன்னிக்கு அவன் விலையே பேசல. ஒரு சேலையை எடுத்து விரிச்சு, புள்ளி மேல விரலை வச்சுத் தடவிப் பாத்தான். "அக்கா, எங்க அம்மா இதைத்தான் கட்டுவாங்க. பிரிண்டுக்கும் கை முடிச்சுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்"னான். அம்மாவுக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோச்சு. உள்ள போய்க் காப்பி போட்டுக் கொண்டாந்தாங்க. கிளம்பும்போது "உங்க அம்மாவுக்குக் குடு தம்பி"ன்னு ஒரு மாம்பழ மஞ்சள் சேலையைக் காசு வாங்காம மடிச்சுக் குடுத்தாங்க. "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க சேலையை மட்டும் பாருங்க அக்கா"ன்னு சொல்லிட்டுப் போனான். டொமைன்னா வெப்சைட்டோட அட்ரஸ், ஹோஸ்டிங்னா வெப்சைட்டை நெட்ல வச்சிருக்கிற இடம்னு அப்ப எனக்குத் தெரியாது. அந்த டொமைன் யார் பேர்ல இருக்கும்னும் நான் ஒரு வார்த்தை கேக்கல. பில்லும் கேக்கல.

முதல்ல 15,000. டிசைன் முடிஞ்சதுன்னு இன்னொரு 15,000. ஆன்லைன்ல காசு வாங்குற வசதிக்கும் ஹோஸ்டிங்குக்கும்னு 8,500. மொத்தம் 38,500 ரூபாய். எங்க கடைக்கு அது சின்னக் காசு இல்ல.

மாசியில லிங்க் அனுப்பினான். திறந்து பாத்தா, சுங்குடின்னு தலைப்பு போட்டு அதுக்குக் கீழ குஜராத் பாந்தனிப் பட்டுப் படம்! மொட்டை மாடியில ஒரு நாள் பூரா வெயில்ல நின்னு அறுபது சேலையைப் படம் எடுத்தான், அதுல ஒண்ணு கூட இல்ல. பக்கத்தோட அடியில ஏதோ ஒரு நகைக்கடையோட போன் நம்பர் கிடக்கு. வேற யாருக்கோ செஞ்சதை அப்படியே தூக்கி வச்சிருக்கான். மதுரைச் சுங்குடிக்கு 2005-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அந்தப் பேரைப் போட்டு வேற ஊர்ச் சேலையைக் காட்டினா, வாங்க வர்றவங்க எங்களைத்தானே திருடங்கன்னு நினைப்பாங்க?

கேட்டா "டம்மி படம்தான்க்கா, மாத்திடுவோம்." அடுத்த வாரம் "டெவலப்பர் ஊருக்குப் போயிருக்காப்ல." அப்புறம் "சர்வர் பிரச்சனை." அப்புறம் "காசு வாங்குற வசதிக்கு அப்ரூவல் வரணும்." அந்த அப்ரூவலுக்கு என் பான் கார்டும் பேங்க் கணக்கு விவரமும் வேணும்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அவன் கடைசி வரைக்கும் ரெண்டையும் கேக்கவே இல்ல. 8,500 எதுக்கு வாங்கினான்? ரெண்டு தடவை நேர்ல போனேன். ஒரு தடவை ரூம் பூட்டியிருந்துச்சு. இன்னொரு தடவை அங்க இருந்த பொண்ணு "சார் மீட்டிங்ல இருக்காரு"ன்னு ஒரு மணி நேரம் உக்கார வச்சிடுச்சு. அழகர் ஆத்துல இறங்கி, மலைக்கும் திரும்பியாச்சு. சைட் அப்படியேதான் இருந்துச்சு.

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்குற அக்கா பையன்கிட்ட சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "சித்தி, டொமைன் வாங்கினப்ப உறுதி பண்ணச் சொல்லி உங்க மெயிலுக்கு எதுவும் வந்துச்சா?" வரல. "அப்ப அது உங்க பேர்ல இல்ல சித்தி"ன்னான். உடனே லாகின் விவரம் குடுன்னு அந்த வெப்சைட்காரனுக்கு மெசேஜ் போட்டேன். பதில் இல்ல.

இன்னிக்குக் காலையில கோயம்புத்தூர்ல இருந்து பழைய கஸ்டமர் அம்மா போன் பண்ணாங்க. "உங்க பை மேல இருக்கிற வெப்சைட் அட்ரஸ்ல போனா ஒண்ணுமே வரலையேம்மா, கடையை மூடிட்டீங்களா?" தாத்தா பேர்ல இருக்கிற கடையைப் பாத்து இந்தக் கேள்வி! எனக்கு வாய் வரல. அவனுக்குப் போன் அடிச்சேன். ஏழாவது தடவை எடுத்தான். அக்கா அக்கான்னு கூப்பிட்டவன், "மேடம், டொமைன் எங்க பேர்ல இருக்கு. உங்க பேருக்கு மாத்தணும்னா 12,000 ஆகும்"ங்கிறான். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிற பேரு அது! 38,500 வாங்கினவன் இன்னும் 12,000 கேக்குறான்.

வெப்சைட் செய்யப் போறவங்க என்னென்ன பாக்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. டொமைனை உங்க மெயில் ஐடியில, உங்க காசுல நீங்களே வாங்குங்க. ஹோஸ்டிங் பாஸ்வேர்டு உங்க கையில இருக்கணும். ஜிஎஸ்டி பில்லோ, கையெழுத்துப் போட்ட பேப்பரோ இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. சைட் கைக்கு வந்து ஒரு மாசம் ஓடுறதுக்கு முன்னாடி பையிலயோ போர்டுலயோ அட்ரஸை அச்சடிக்காதீங்க.

வாட்ஸப் பேச்சு, பணம் அனுப்பின ரசீது எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன். அந்த அட்ரஸ் போட்டு அடிச்ச ஆயிரம் பையில எழுநூறுக்கு மேல மிச்சம் கிடக்கு. அம்மா கீழ உக்காந்து ஒவ்வொண்ணா வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்காங்க.