அடியா, அபராதமா, தொட்டியா?

போன மாதம் என் பத்து வயதுப் பையன் அடித்த பந்து எதிர்வீட்டுப் பாட்டியின் துளசித் தொட்டியை உடைத்தது. நான் போய்ப் பார்த்தபோது தொட்டி மூன்று துண்டாகக் கிடந்தது, வேரோடு ஒட்டிய மண் உருண்டை தனியாக நின்றது. "நான் இல்ல, பந்துதான்" என்றான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் மூன்று தீர்ப்புகள்.

மாமியாருக்குச் சந்தேகமே இல்லை: ரெண்டு போடு. அடியாத மாடு படியாது. அடியின் வசதி என்னவென்றால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பள்ளியில் இது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவின்படி தடை. உடலை வருத்துவது மட்டுமல்ல, மனதை நோகடிப்பதும் சேர்த்து. அந்தச் சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஸ்வீடன் 1979-லேயே வீட்டுக்குள்ளும் தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், நான் அடி வாங்கி வளர்ந்தவள். ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டேன்: மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று.

வீட்டுக்காரரின் தீர்ப்பு நாகரிகமானது: ஒரு வாரம் போன் கிடையாது. கத்தல் இல்லை, கண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் போனுக்கும் துளசிக்கும் என்ன சம்பந்தம்? இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2000-இல் வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. முன்பு காத்திருக்கும் ஆயாவை நினைத்துக் கூச்சம் இருந்தது. இப்போது அதுதான் காசு கட்டியாயிற்றே! அபராதத்தை நிறுத்திய பிறகும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அது பெரியவர்கள் கதைதான், ஆனால் என் பையனும் அந்த ரகம். "ஒரு வாரம் போன் இல்லாம இருந்துட்டேன்ல?" என்று கணக்கை முடித்துவிடுவான். தொட்டி மட்டும் உடைந்தே கிடக்கும்.

(தோப்புக்கரணம், மூலையில் நிற்க வைப்பது எல்லாம் இதே கணக்குதான், காலுக்கு நல்ல பயிற்சி.)

என் கட்சி மூன்றாவது: உடைத்தவன் போய்ச் சொல்லட்டும், அவனே சரிசெய்யட்டும். புதுத் தொட்டி 180 ரூபாய். உண்டியலில் 110 இருந்தது. மீதியை நான் கடன் கொடுத்தேன். நாலு வாரக் கைச்செலவில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. செடியை நட்டு, பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றுவதும் அவன் பொறுப்பு.

இதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதி போயிற்று. அதைவிடப் பெரிய தொல்லை நல்ல மனசு. "விடும்மா, குழந்தைதானே" என்று பாட்டி சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். முன்கூட்டியே போய், "தயவுசெய்து மன்னிச்சுடாதீங்க, தொட்டியை வாங்கிக்குங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அப்புறம் இவன் போய்க் கதவருகே ஐந்து நிமிடம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "பாட்டி, தொட்டியை நான்தான் உடைச்சேன்" என்று வந்தபோது குரலே எழும்பவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் இந்தக் கட்சி. நாலாம் நாள் தண்ணீர் ஊற்ற மறந்தான்; பாட்டியே மதிலுக்கு மேலிருந்து கூப்பிட்டார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று வயதுக் குழந்தையிடம் இது செல்லாது. ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளையை இழுத்துப் பிடிக்கத்தான் வேண்டும், விளைவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட முடியுமா? வாயால் உடைத்தவற்றுக்கும் வழி தெரியவில்லை. போன வாரம் சொந்தக்காரர்கள் முன்னால் தங்கையைக் "குண்டு" என்று கேலி செய்தான். அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. 180 ரூபாய்க்கு எந்தக் கடையில் என்ன வாங்கி வைப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, போனைத்தான் பிடுங்கினேன்.