வென்ட்ராட்டா குடுவைச் செடி: நாலு அங்குலத் தொட்டியில் வாங்கலாமா?

பூச்சி தின்னும் செடி என்று நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் நெபந்தஸ் (குடுவைச் செடி) வகைகளில், முதன்முறை வளர்ப்பவருக்குத் தோதானது வென்ட்ராட்டாதான். பிலிப்பைன்ஸின் வென்ட்ரிகோசா, அலாட்டா இரண்டும் கலந்த கலப்பினம். நம் ஊர் 35 டிகிரியைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. செடி அருமை. கூடவே தொட்டியில் வரும் நடவுக் கலவைதான் பெரும்பாலும் மோசம்.

பார்சலைப் பிரித்ததும் குடுவைகள் (பூச்சியைப் பிடிக்கும் இலைப் பைகள்) காய்ந்திருந்தால் பதற வேண்டாம். காற்றின் ஈரப்பதம் திடீரென மாறினால் பழைய குடுவைகள் மூடியிலிருந்து கருகும். நடுக்குருத்தைப் பாருங்கள்; அது பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும், கறுத்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். புதுக் குடுவைக்கு இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

பல தொட்டிகளில் கழுவாத கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டுமே இருக்கும். அதிலுள்ள உப்பு வேர் நுனியைக் கருக்கிவிடும். ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் வெள்ளைக் கல்துகள்) சம அளவு கலந்து மாற்றுவது நல்லது. பாசி விலை கட்டுப்படியாகாவிட்டால், கோகோபீட்டை ஆர்.ஓ. நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த நீரின் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 100க்குக் கீழே இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்து, பிறகு பெர்லைட் சேருங்கள். செம்மண், மண்புழு உரம் இரண்டும் ஆகவே ஆகாது.

தட்டில் தண்ணீர் தேக்கி வைக்கச் சொல்லும் கடைக்காரர்கள் இதை வீனஸ் பூச்சிப்பொறி என்ற இன்னொரு பூச்சி தின்னும் செடியோடு குழப்பிக்கொள்கிறார்கள். தேங்கினால் நெபந்தஸ் வேர் அழுகும். மேலே ஊற்றி, வடியவிட வேண்டும். மழைநீர் சிறந்தது, டி.டி.எஸ். 50க்குள் இருக்கும் ஆர்.ஓ. நீரும் போதும். கலவைமேல் வெள்ளைப் படிவு, இலை நுனியில் பழுப்பு தெரிந்தால் தண்ணீர்தான் குற்றவாளி.

“குடுவையே வரவில்லை” என்ற புகாருக்குச் செடியே பதில் சொல்லும். இலை கரும்பச்சையாகப் பெரிதாகி, இலை நுனியிலிருந்து நீளும் கொடியில் குடுவை மொட்டே இல்லையா? வெளிச்சம் போதவில்லை. மொட்டு வந்து அப்படியே காய்கிறதா? ஈரப்பதம் குறைவு. கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் போதும். மொட்டைமாடியென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். ஈரத்துக்காக பாலித்தீன் உறை போட்டு வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும்.

வேருக்கு உரம் வேண்டாம். குடுவையில் மாதம் இரண்டு எறும்பு விழுந்தால் தாராளம். கறித்துண்டு போட்டால் குடுவை அழுகும்.

நெபந்தஸ் காசியானா என்று விற்றால் விசாரியுங்கள். மேகாலயாவுக்கே உரிய அந்த இனம் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கியதென்றால் வாங்காதீர்கள்.